எண் இருக்கிறது, கேலக்ஸி இல்லை

கேலக்ஸிகள், நெபுலாக்கள், விண்மீன் கொத்துகள் ஆகியவற்றுக்கு எண் கொடுக்கும் என்ஜிசி (நியூ ஜெனரல் கேட்டலாக்) பட்டியலில் 7,840 எண்கள் இருக்கின்றன. ஜான் டிரேயர் என்ற டென்மார்க்காரர் அயர்லாந்தின் ஆர்மா வானாய்வகத்தில் உட்கார்ந்து தொகுத்தது. லண்டன் ராயல் வானியல் கழகம் 1888இல் வெளியிட்டது. பிறகு 1895இலும் 1908இலும் ஐசி என்ற பெயரில் இரண்டு துணைப் பட்டியல்கள் வந்து, மேலும் 5,386 எண்கள் சேர்ந்தன. தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் இந்த எண்களைச் சொல்லித்தான் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். ஆய்வுக் கட்டுரைகளிலும் இவையே பெயர்கள்.

பெரும்பாலானவை சொன்ன இடத்தில் ஒழுங்காக இருக்கின்றன. சிலவற்றின் இடத்துக்குப் போய்ப் பார்த்தால் வெறும் வானம். வேறு சிலவற்றின் இடத்தில் மூன்று நான்கு மங்கலான கேலக்ஸிகள் நெருங்கி நிற்கின்றன. எது அந்த எண்ணுக்கு உரியது என்று பட்டியல் சொல்வதில்லை. இன்னும் சில இடங்களில் ஒரே கேலக்ஸி இரண்டு எண்களைச் சுமந்துகொண்டிருக்கிறது. இந்த முடிச்சுகளை யார் எப்படி அவிழ்த்தார்கள் என்று படிப்பதும், அதே வழியில் நானும் ஒருமுறை போய்ப் பார்ப்பதும் சில ஆண்டுகளாக எனக்கு இரவு நேர வேலையாகிவிட்டது.

நான் தொழில்முறை வானியலாளன் இல்லை. என் சிறிய தொலைநோக்கிக்கு நகரத்து மொட்டைமாடியிலிருந்து இந்தப் பொருள்களில் பெரும்பாலானவை எட்டவே எட்டாது. அதனால் நட்டமில்லை. 1950களில் கலிஃபோர்னியாவின் பாலோமர் மலையில் 48 அங்குல ஷ்மிட் தொலைநோக்கியால் எடுத்த தகட்டுப் படங்கள் இன்று எவருடைய கணினித் திரைக்கும் வருகின்றன. 18, 19ஆம் நூற்றாண்டு வானியலாளர்களின் அச்சான அறிக்கைகளும் கிடைக்கின்றன. இரண்டையும் அருகருகே வைத்துக்கொண்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான். உட்கார்ந்தால் சீக்கிரமே ஒன்று விளங்கிவிடும். கேலக்ஸி எங்கும் போய்விடவில்லை. வானத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் விடை அங்கே கிடைக்காது. பார்த்த ஆளைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். அவர் எந்தக் கருவியில் பார்த்தார், எதை அடையாளமாக வைத்து அளந்தார், எங்கே அவசரப்படுவார், எதில் கறாராக இருப்பார் என்பதெல்லாம் தெரிந்தால் கேலக்ஸி தானாக வந்து நிற்கும்.

முதலில், இடம் குறிப்பது எப்படி நடந்தது என்று பார்த்துவிடுவோம். பூமியில் தீர்க்கரேகை, அட்சரேகை இருப்பதைப் போல வானத்தில் வல ஏற்றம், நடுவரை விலக்கம் என்று இரண்டு அளவுகள். வல ஏற்றத்தை மணி, நிமிடம், நொடியில் சொல்வது வழக்கம். வானம் சுழல்வதால் கடிகாரமே அதற்கு அளவுகோல். மங்கலான ஒரு நெபுலாவின் (பனிமூட்டம் போலத் தெரியும் எதற்கும் அக்காலத்தில் இதுதான் பெயர்; கேலக்ஸிகளும் இதில் அடக்கம்) இடத்தை நேரடியாக அளப்பது கடினம். ஆகவே இடம் தெரிந்த ஒரு விண்மீனை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து நெபுலா எவ்வளவு கிழக்கே அல்லது மேற்கே, எவ்வளவு வடக்கே அல்லது தெற்கே என்று வித்தியாசத்தை மட்டும் எடுப்பார்கள். பிறகு பகலில் மேசையில் உட்கார்ந்து, அந்த விண்மீனின் இடத்தோடு வித்தியாசத்தைக் கூட்டுவார்கள் அல்லது கழிப்பார்கள்.

பிழை நுழையும் சந்துகளை இப்போது நீங்களே எண்ணிவிடலாம். விண்மீனையே மாற்றி அடையாளம் கண்டிருக்கலாம். கூட்ட வேண்டியதைக் கழித்திருக்கலாம். கடிகாரத்தில் ஒரு நிமிடம் பிசகியிருக்கலாம். வட்ட அளவுகோலில் ஒரு பாகை தவறிப் படித்திருக்கலாம். அடையாள விண்மீனின் இடமே பழைய பட்டியலில் தவறாக அச்சாகியிருக்கலாம். இவற்றில் எதுவும் கண்ணின் கோளாறு அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். பார்த்தது சரி, எழுதியது தவறு.

வில்லியம் ஹெர்ஷெலும் அவர் தங்கை கரோலைனும் 1783 முதல் 1802 வரை இங்கிலாந்தில் செய்தது இந்த வகை வேலையின் உச்சம். வில்லியம் 20 அடி நீளத் தொலைநோக்கியின் மேடையில் இருட்டில் நிற்பார். குழாயைக் கிழக்கு மேற்காகத் திருப்ப மாட்டார். ஒரு வேலையாள் அதை மேலும் கீழுமாக அசைத்துக்கொண்டிருக்க, வானம் தானாகக் குறுக்கே நகர்ந்து போகும். ஏதாவது தென்பட்டால் வில்லியம் குரல் கொடுப்பார். கரோலைன் விளக்கடியில் கடிகாரத்தையும் அளவுகோலையும் பார்த்து எழுதிக்கொள்வார். வில்லியம் விளக்கருகே போனால் இருட்டுக்குப் பழகிய கண் கெட்டுவிடும். ஆகவே காகிதப் பொறுப்பு முழுக்க கரோலைனுடையது. இப்படிச் சுமார் 2,500 பொருள்கள். பெரிய வேலையின் பெரும்பகுதி அண்ணன் பெயரில் நிற்கிறது. ஆனால் அடையாளம் தேடுகிறவர்களுக்குக் கரோலைன்தான் குலதெய்வம். அக்காலத்தில் எல்லோரும் நம்பியிருந்த ஃபிளாம்ஸ்டீடின் விண்மீன் பட்டியலைக் குறிப்பேடுகளோடு ஒப்பிட்டு, அதன் பிழைகளையும், விடுபட்டிருந்த 560 விண்மீன்களையும் 1798இல் வெளியிட்டவர் அவர். அடையாள விண்மீன் தவறினால் எல்லாமே தவறும் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது. பின்னாளில், அண்ணன் மகன் ஜான் ஹெர்ஷெல் அதே பொருள்களை மறுபடி தேடிப் பார்ப்பதற்காக, எல்லாவற்றையும் வானத்தின் பட்டைவாரியாக மாற்றி எழுதிக் கொடுத்தார். அந்தப் பட்டியல் இல்லாமல் ஜானின் வேலை நடந்திருக்காது. 1828இல் ராயல் வானியல் கழகம் கரோலைனுக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது இதற்காகத்தான்.

டிரேயரிடம் வந்தபோது இப்படிப் பல கைகளின் பட்டியல்கள் குவிந்திருந்தன. கோபன்ஹேகனின் டாரஸ்ட், மால்ட்டாவில் லாசலின் 48 அங்குலத் தொலைநோக்கியில் உழைத்த மார்த், மார்செய்யின் ஸ்தெஃபான், அயர்லாந்தின் பர் கோட்டையில் ராஸ் பிரபுவின் ராட்சதத் தொலைநோக்கியில் மாறி மாறி உட்கார்ந்த உதவியாளர்கள் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதம். ஸ்தெஃபான் கொடுத்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். மற்றவர்கள் விஷயம் அப்படியில்லை. எல்லாவற்றையும் டிரேயர் 1860ஆம் ஆண்டுக்குரிய இடங்களாக மாற்றி ஒரே வரிசையில் அடுக்கினார். ஏன் ஓர் ஆண்டைக் குறிப்பிட வேண்டும் என்றால், பூமியின் அச்சு மெல்லத் திசை மாறுவதால் விண்மீன்களின் இட எண்கள் ஆண்டுதோறும் நகர்கின்றன. நம் பஞ்சாங்கக்காரர்கள் அயனாம்சம் என்று கழிப்பது இதே நகர்வைத்தான். 1860க்கும் 2000க்கும் இடையில் வல ஏற்றம் வான நடுக்கோட்டருகே ஏழு நிமிடத்துக்கும் மேல் மாறிவிட்டது. நடுவரை விலக்கம் சில திசைகளில் முக்கால் பாகைக்கும் மேல் மாறியிருக்கிறது. பழைய எண்ணை இன்றைய வரைபடத்தில் அப்படியே வைத்துப் பார்த்துவிட்டு ‘காணவில்லை’ என்பவர்கள் இன்றும் உண்டு.

சரி, ஒரு வழக்கை முழுதாகப் பார்ப்போம். எம் 91. இது என்ஜிசிக்கும் முந்தைய மெஸ்ஸியே பட்டியலைச் சேர்ந்தது. மற்ற எல்லா வழக்குகளின் இலக்கணமும் இதற்குள் இருக்கிறது என்பதால் இதையே எடுக்கிறேன்.

பாரிஸில் சார்ல் மெஸ்ஸியே 1781 மார்ச் 18ஆம் தேதி இரவு கன்னி ராசிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே இரவில் எம் 84 முதல் எம் 91 வரை எட்டுப் பொருள்களைக் குறித்தார்; போதாததற்கு ஹெர்குலிஸ் பக்கம் போய் எம் 92 என்ற கொத்தையும் சேர்த்துக்கொண்டார். எம் 91 பற்றி அவர் எழுதியது சுருக்கம்: விண்மீன் இல்லாத நெபுலா, எம் 90ஐவிட மங்கல். இடமும் கொடுத்திருந்தார். அந்த இடத்தில் அவருடைய தொலைநோக்கிக்குத் தெரியக்கூடிய எதுவும் இல்லை.

சுமார் இரண்டு நூற்றாண்டுகள் இது பற்றி விதவிதமாகச் சொல்லப்பட்டது. அது வால்மீனாக இருந்திருக்கும் என்றார்கள் சிலர். வால்மீன் வேட்டையாடியே பேர் வாங்கியவர் தன் முன்னால் வந்த வால்மீனை நெபுலா என்று எழுதிவிட்டுப் போனார் என்பதை எனக்கு நம்ப முடியவில்லை. எம் 58ஐயே மறுபடி பார்த்திருப்பார் என்றனர் வேறு சிலர். பக்கத்திலிருக்கும் மங்கலான என்ஜிசி 4571ஐச் சிலர் சுட்டினார்கள். ஒவ்வொருவரும் வெற்றிடத்துக்கு அருகில் இருக்கும் எதையாவது பிடித்து அதில் பெயரை ஒட்டப் பார்த்தார்கள்.

1969இல் வில்லியம் வில்லியம்ஸ் என்ற அமெரிக்க அமெச்சூர் வேறு விதமாகக் கேட்டார். இடம் தவறு என்பது தெரிகிறது; அந்தத் தவறான இடத்துக்கு மெஸ்ஸியே எப்படி வந்து சேர்ந்திருப்பார்? எதிலிருந்து அளந்திருப்பார்? அந்தப் பகுதியில் மெஸ்ஸியேவுக்கு ஏற்கெனவே இடம் தெரிந்திருந்த பொருள் எம் 58. 1779இலேயே அதைக் குறித்துவிட்டார். எம் 58இலிருந்து கிட்டத்தட்ட நேர் வடக்கே 2 பாகை போனால் எம் 91க்காக அவர் எழுதிய வெற்றிடம் வருகிறது. ஆக, அவர் எடுத்த வித்தியாசம் ‘ஏறத்தாழ 2 பாகை வடக்கு’. இப்போது எம் 58ஐ விட்டுவிட்டு, அதே இரவில் அவர் புதிதாகக் கண்ட எம் 89இலிருந்து அதே 2 பாகை வடக்கே போய்ப் பாருங்கள். என்ஜிசி 4548 என்ற பட்டைச் சுருள் கேலக்ஸி வந்து நிற்கிறது. பிரகாசமும் அவர் சொன்னதற்குப் பொருந்துகிறது. மெஸ்ஸியே எம் 89இலிருந்து அளந்துவிட்டு, மேசையில் கணக்குப் போடும்போது எம் 58இன் இடத்தோடு கூட்டிவிட்டார்.

இன்றைய இட எண்களை வைத்து நீங்களே சரிபார்க்கலாம். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். என்ஜிசி 4548இலிருந்து எம் 89ஐக் கழித்து, எம் 58ஐக் கூட்டினால் மெஸ்ஸியேவின் வெற்றிடம் ஓரிரு பாகைத்துளிகளுக்குள் (பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு துளி) கிடைக்கிறது. இந்தக் கணக்கு கைகூடிய இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை என்றால் மிகையில்லை. 188 ஆண்டுகள் தொலைந்திருந்த கேலக்ஸி, வில்லியம் ஹெர்ஷெல் 1784இல் மறுபடி கண்டுபிடித்து வேறு எண் போட்டு வைத்திருந்த கேலக்ஸி, ஒரு கூட்டல் பிழையின் மறுபக்கம் இருந்திருக்கிறது. பிழையை ‘தவறு’ என்று ஒதுக்காமல், அதற்கும் ஒரு வழித்தடம் உண்டு என்று பின்தொடர்ந்ததால் கிடைத்த விடை இது. நல்ல பிழை என்பது திருப்பிப் போட்டுப் பார்க்கக்கூடிய பிழை.

எம் 47உம் இதே ஜாதி. அது கேலக்ஸி அல்ல, வெறும் கண்ணுக்கே தெரியக்கூடிய விண்மீன் கொத்து. 2 பப்பிஸ் என்ற விண்மீனுக்கு மேற்கே இருப்பதை மெஸ்ஸியே கிழக்கே என்று கணக்கிட்டுவிட்டார்; கூட்டல், கழித்தல் குறி மாறிவிட்டது. அந்த வெற்றிடத்துக்கு டிரேயரின் பட்டியலில் என்ஜிசி 2478 என்று ஓர் எண்ணும், உண்மையான கொத்துக்கு என்ஜிசி 2422 என்று இன்னோர் எண்ணும் விழுந்தன. இவ்வளவு பளிச்சென்ற பொருளே தொலையும் என்றால், மங்கலான கேலக்ஸிகளைப் பற்றி என்ன சொல்ல.

மங்கலான கேலக்ஸிகள் என்றால் லூயிஸ் ஸ்விஃப்டிடம் வந்துதான் ஆக வேண்டும். இந்த வேலையில் இறங்குகிற எவரையும் அதிகம் சிரிக்கவும் அதிகம் பல்லைக் கடிக்கவும் வைப்பவர் அவர். 1820 பிப்ரவரி 29இல் பிறந்தவர். சிறுவயதில் இடுப்பு எலும்பு முறிந்து காலம் முழுக்க நொண்டி நடந்தவர். நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் இரும்புச் சாமான் கடை வைத்துப் பிழைத்தார். ஆப்பிள் சாறு ஆலை ஒன்றின் கூரைமேல் தொலைநோக்கியை வைத்து வால்மீன் தேடினார். ஆகஸ்டில் விழும் பெர்சியட் எரிகற்களுக்குத் தாயான ஸ்விஃப்ட்-டட்டில் வால்மீனில் அவர் பெயர் இருக்கிறது. பிறகு ஈரல், சிறுநீரக மருந்து விற்றுக் கோடீசுவரரான வார்னர் என்பவர் ஸ்விஃப்டுக்காக வானாய்வகமே கட்டிக் கொடுத்தார். ஆல்வன் கிளார்க் நிறுவனத்தின் 16 அங்குலத் தொலைநோக்கி. மருந்தின் யோக்கியதை வேறு விஷயம். அறுபது வயதைத் தாண்டிய ஸ்விஃப்ட் அதில் நெபுலா தேட உட்கார்ந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றைக் கண்டார். 1893 பொருளாதாரச் சரிவில் வார்னர் திவாலானதும், கலிஃபோர்னியாவின் எக்கோ மலைக்குப் போய் அங்கிருந்தும் தொடர்ந்தார்.

கண் அபாரம். இடம் குறிப்பதுதான் அபாயம். நுண்ணளவைக் கருவி வைத்து விண்மீனிலிருந்து அளக்காமல், தொலைநோக்கியின் அளவு வட்டங்களில் என்ன தெரிகிறதோ அதைப் படித்து எழுதிவிடுவார். வட்டம் சற்றுப் பிசகியிருந்தால் அன்றைய இரவின் அத்தனை பொருள்களும் பிசகும். ஆண்ட்ரோமீடா பக்கம் ஒரு கேலக்ஸி: 1857இல் பர் கோட்டையில் மிட்செல் பார்த்தது என்ஜிசி 20, 1885இல் ஸ்விஃப்ட் பார்த்தது என்ஜிசி 6. இரண்டும் ஒன்றே. என்ஜிசி எண்கள் வல ஏற்ற வரிசையில் போவதால், ஒரே பொருள் 14 எண் தள்ளி இரண்டு முறை நிற்கிறது. என்ஜிசி 29ஐ ஸ்விஃப்ட் மறுபடி பார்த்ததில் என்ஜிசி 21 உருவானது. பட்டியலின் தொடக்கத்திலேயே இந்தக் கூத்து என்றால் உள்ளே எத்தனை என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஸ்விஃப்ட் ஒரு பெரிய உதவி செய்திருக்கிறார். சுற்றுப்புறத்தை எழுதுவார். ‘இரண்டு விண்மீன்களுக்கு நடுவே’, ‘அருகில் இரட்டை விண்மீன்’, ‘இரண்டு விண்மீன்களோடு முக்கோணம்’ என்ற வகைக் குறிப்புகள். சென்னையில் பழைய எண், புதிய எண் என்று கதவிலக்கம் இரண்டாகிப்போன தெருவில் வீடு தேடுகிறவரைக் காப்பாற்றுவது ‘பிள்ளையார் கோவிலுக்கு எதிரே, வேப்பமரத்து வீடு’ என்ற வாய்ச்சொல்தானே, அதைப் போல. இட எண் ஏமாற்றும்போது பாலோமர் படத்தில் அந்த வட்டாரத்தை விரித்துவைத்துக்கொண்டு, சொன்ன அமைப்பில் விண்மீன்கள் எங்கே நிற்கின்றன என்று தேடலாம். மங்கலான புள்ளிக்கு இருபுறமும் ஒரே அளவு விண்மீன் இரண்டு நின்றால், இடம் கால் பாகை தள்ளியிருந்தாலும் அதுதான்.

இதைவிட நுட்பமான வழி ஒன்றும் உண்டு. ஸ்விஃப்ட் ஒவ்வொரு பொருளுக்கும் கண்ட தேதியைக் கொடுத்திருக்கிறார். ஒரே இரவில் பார்த்த பொருள்களைத் தனியே பிரித்தெடுத்து, அவற்றில் ஐயமின்றித் தெரிந்தவை எந்தத் திசையில் எவ்வளவு தள்ளிப் போயிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். எல்லாம் ஒரே பக்கமாகத் தள்ளியிருந்தால் அன்று வட்டம் அவ்வளவு பிசகியிருந்தது என்று பொருள். தொலைந்துபோன பொருளையும் அதே அளவு திருப்பித் தள்ளினால் சரியான இடத்துக்கு மிக அருகே வந்துவிடலாம். ஒருவருடைய ஓர் இரவின் பிழையை நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்குப் பின் அளந்து கழிக்கிறார்கள். இதைப் படித்தபோது ஸ்விஃப்ட் மேல் இருந்த எரிச்சல் எனக்குப் பாதி குறைந்துவிட்டது.

வர்ஜீனியாவின் லியாண்டர் மெக்கார்மிக் வானாய்வகத்துக்காரர்கள் இதற்கு நேர்மாறு. 26 அங்குலத் தொலைநோக்கி, அன்றைய பெரும் கருவிகளில் ஒன்று. ஆர்மண்ட் ஸ்டோன், லெவன்வொர்த், முல்லர் என்று மூவர் 1880களின் நடுவில் நூற்றுக்கணக்கான மங்கல் நெபுலாக்களைக் கண்டார்கள். பிரகாசம், அளவு, நீளவாக்கின் திசைக்கோணம் எல்லாம் ஒழுங்காக எழுதினார்கள். வல ஏற்றத்தை மட்டும் பல பொருள்களுக்கு முழு நிமிடத்துக்கே கொடுத்தார்கள். வான நடுக்கோட்டருகே ஒரு நிமிடம் என்பது நிலாவின் அகலத்தில் பாதி. மங்கலான கேலக்ஸிகள் மலிந்த பகுதியில் அந்த அகலத்துக்குள் பலர் நிற்பார்கள். திசைக்கோணமும் பக்கத்து விண்மீன் பற்றிய குறிப்பும் இருந்தால் தப்பித்தோம், இல்லையென்றால் நின்றோம்.

பாரிஸில் இருந்த பிகுர்தான் என்ற வானியலாளரின் கதை எனக்கு இன்னும் பிடித்தமானது. தன் தொலைநோக்கிக்கு எட்டும் நெபுலாக்கள் அனைத்தையும் நுண்ணளவையால் அளந்துவிடுவது என்று கிளம்பி, பல பத்தாண்டுகள் அதையே செய்தவர். அளவுகள் அற்புதம். அவர் புதிதாகக் கண்டதாகச் சொன்னவற்றில் கணிசமானவை வெறும் விண்மீன்கள், அல்லது எதுவுமே இல்லை. கண்ணின் எல்லையில் மின்னி மறையும் மயக்கத்தை நுண்ணளவையால் துல்லியமாக அளந்து வைத்திருக்கிறார். அங்கே போய்ப் பார்த்தால், இன்மை மிகச் சரியான இடத்தில் இருக்கிறது. அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. மங்கலான ஒன்றை ‘இருக்கிறதா இல்லையா’ என்று அரைமணி நேரம் உற்றுப் பார்த்த எவருக்கும், சற்று நேரத்தில் அது ‘இருக்க’ ஆரம்பித்துவிடும் என்பது தெரியும். நெருங்கிய இரண்டு விண்மீன்களும் பனிமூட்டம் போலத் தெரிந்து ஏமாற்றும். ஓட்டோ ஸ்ட்ரூவ 1865இல் கண்ட என்ஜிசி 8 அப்படியொரு இரட்டை விண்மீன்தான். அதே சமயத்தில் பக்கத்தில் அவர் கண்ட என்ஜிசி 9 அசல் கேலக்ஸி. ஒரே கண், ஒரே கருவி, அடுத்தடுத்த எண்கள்.

ஆக, ‘இல்லை’ என்ற தீர்ப்பும் சில எண்களுக்கு நியாயமானதே. ஆனால் அதை எப்போது சொல்லலாம் என்பதில்தான் எனக்குச் சண்டை. 1973இல் அரிசோனா பல்கலைக்கழகத்தின் சுலென்டிக்கும் டிஃப்ட்டும் திருத்திய என்ஜிசி ஒன்றை வெளியிட்டார்கள். பாலோமர் தகடுகளில் ஒவ்வோர் எண்ணின் இடத்தையும் பார்த்து, இருப்பதை வகைப்படுத்தினார்கள். இல்லாதவற்றுக்கு ‘இல்லாதது’ என்று முத்திரை போட்டார்கள். மொத்தப் பட்டியலையும் புகைப்படத்தில் சரிபார்த்தது பெரிய உழைப்பு, மறுப்பதற்கில்லை. ஆனால் டிரேயரின் இடத்தில் இல்லையென்றால் எங்குமே இல்லை என்று கொண்டது பெரும் அவசரம். மூல அறிக்கையைப் பிரித்துப் பார்க்காமல் போட்ட முத்திரை அது.

சிம்ம ராசியில் கோப்லண்டின் எழுவர் என்று ஒரு சிறிய கூட்டம் இருக்கிறது. ரால்ஃப் கோப்லண்ட் 1874இல் பர் கோட்டையின் 72 அங்குலத் தொலைநோக்கியில் ஏழு கேலக்ஸிகளையும் ஒன்றாகப் பார்த்தார். என்ஜிசி 3745இல் தொடங்கி 3754 வரை அவற்றின் எண்கள். கொடுக்கப்பட்ட இடம் தவறு. அதனால் 1973 பட்டியல் ஏழையும் ‘இல்லாதது’ ஆக்கிவிட்டது. ஒரு பொருள் மயக்கமாக இருக்கலாம், இரண்டு இருக்கலாம். அருகருகே ஏழு கேலக்ஸிகளை ஒரு தேர்ந்த கண் கற்பனை செய்யுமா? அந்தக் கேள்வி ஒன்றே போதும், சுற்றிலும் தேட. தேடினால் கொஞ்சம் தள்ளி ஏழும் நெருங்கி உட்கார்ந்திருக்கின்றன. கேலக்ஸிகளின் நெருக்கமான கூட்டங்களைத் தொகுத்த ஹிக்சன் பட்டியலில் அதே கூட்டத்துக்கு 57 என்று எண்.

இதையெல்லாம் ஒழுங்காக உட்கார்ந்து தீர்த்தவர்கள் ஹரால்ட் கார்வின், ஸ்டீவ் காட்லீப், மால்கம் தாம்சன், வொல்ஃப்காங் ஸ்டைனிக்கே, ராபர்ட் எர்ட்மன் போன்ற சிலர். 1990களில் என்ஜிசி, ஐசி எண்களை முழுக்கச் சரிபார்க்கும் திட்டத்தில் கைகோத்தவர்கள். கார்வின் தொழில்முறை வானியலாளர். கேலக்ஸிகளின் தரவுத்தளத்தில் வேலை செய்தவர். காட்லீப் அமெச்சூர்; பெரிய தொலைநோக்கிகளில் கண் வைத்து என்ஜிசி பட்டியல் முழுவதையும் பார்த்து முடித்தவர். ஸ்டைனிக்கே, யார் எந்த இரவில் எந்தக் கருவியில் என்ன பார்த்தார் என்ற வரலாற்றைத் தோண்டுபவர். மூன்று திறமையும் ஒரே ஆளிடம் இருப்பது அரிது. தகட்டில் பிரகாசமாகத் தெரிவது கண்ணுக்குத் தெரியாமல் போகலாம் என்பது கண்ணால் பார்த்தவருக்கே தெரியும்: பரந்து மங்கிய சுருளைத் தகடு பிடித்துவிடும், கண் பக்கத்திலிருக்கும் சிறிய, செறிந்த கேலக்ஸியையே பிடிக்கும். ஆகவே ‘அந்தக் காலத்துக் கண்ணாடியில் எது தெரிந்திருக்கும்’ என்ற கேள்விக்குப் படத்தை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது.

கார்வினின் குறிப்புகளில் எனக்கு மிகப் பிடித்தது அவற்றின் கேள்விக்குறிகள். ‘இதுவாக இருக்கலாம்’, ‘இதுவும் பொருந்தும், அதுவும் பொருந்தும்’, ‘முன்பு வேறு மாதிரி நினைத்தேன்’ என்றெல்லாம் எழுதுகிறார். தரவுத்தளங்களின் வெட்டொன்று துண்டிரண்டான வரிசைகளில் பழகிய கண்ணுக்கு இது தயக்கமாகத் தெரியும். எனக்கு இதுதான் நேர்மையாகத் தெரிகிறது. டிரேயரும் இதே குணம் கொண்டவர். தன் பட்டியல் வந்து கால் நூற்றாண்டுக்குப் பின், 1912இல், வில்லியம் ஹெர்ஷெலின் ஆய்வுரைகளைப் பதிப்பித்தபோது மூலக் குறிப்பேடுகளை மறுபடி புரட்டித் தன் பட்டியலுக்கே திருத்தங்கள் வெளியிட்டார்.

‘எண் எதுவாக இருந்தால் என்ன, கேலக்ஸி அங்கேதானே இருக்கிறது’ என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. ஒரு ஆய்வாளர் ஓர் எண்ணின் பெயரில் ஒரு கேலக்ஸியின் பிரகாசத்தை அளக்கிறார். இன்னொருவர் அதே எண்ணைப் பக்கத்துக் கேலக்ஸிக்கு உரியதாகக் கொண்டு அதன் விலகல் வேகத்தை அளக்கிறார்; தூரத்தைக் கணக்கிடுவது அதை வைத்துத்தான். மூன்றாமவர் இரண்டையும் ஒரே வரியில் சேர்க்கிறார். இப்போது எங்குமே இல்லாத ஒரு கேலக்ஸி பிறந்துவிட்டது. அதன் பிரகாசம் ஒருத்தியுடையது, தூரம் இன்னொருத்தியுடையது. இன்றைய வான ஆய்வுகள் பொருளின் பெயரிலேயே இட எண்ணை வைத்துவிடுவதால் இந்தத் தொல்லை புதிதாக வருவதில்லை. பழைய கட்டுரைகளில் படிந்திருப்பது அப்படியே இருக்கிறது.

இதிலிருந்து எழும் கடைசித் தகராறு இன்னும் ஓயவில்லை: ஓர் எண் யாருக்குச் சொந்தம்? கண்டுபிடித்தவர் உண்மையில் பார்த்ததற்கா, பல ஆண்டுகளாக எல்லோரும் அந்தப் பெயரில் அழைத்துவந்ததற்கா? நான் முதல் கட்சி. பெயர் ஒரு பார்வையின் பதிவு. பார்த்தவரை விட்டுவிட்டால் எண் வெறும் ஒட்டுச்சீட்டு. ஆனால் எதிர்க்கட்சியிலும் நியாயம் உண்டு. ஐம்பது ஆண்டுக் கட்டுரைகளில் ஒரு கேலக்ஸிக்குப் பழகிவிட்ட எண்ணைப் பிடுங்கிப் பக்கத்துக் கேலக்ஸிக்குக் கொடுத்தால், முன்பு இருந்ததைவிடப் பெரிய குழப்பம் வரும். கார்வினே சில இடங்களில் இந்தச் சங்கடத்தில் நெளிவதைப் பார்க்கலாம்.

இந்தத் தகராறின் சுவையான வழக்கு எம் 102. மெஸ்ஸியேவின் நண்பர் பியேர் மெஷேன் கண்டதாகச் சொல்லி, இடம் எண்ணாகக் குறிக்கப்படாமலே பட்டியலில் ஏறியது. பூட்டிஸ் என்ற விண்மீன் கூட்டத்தின் ஒரு விண்மீனுக்கும் டிராகோவின் ஐயோட்டா விண்மீனுக்கும் நடுவே என்று மட்டும் விவரம். 1783இல் மெஷேனே பெர்லினில் இருந்த வானியலாளர் பெர்னூலிக்குக் கடிதம் எழுதினார்: அது பிழை, எம் 101ஐயே மறுபடி எழுதிவிட்டோம் என்று. வழக்கு முடிந்தது என்றுதான் நினைப்பீர்கள். முடியவில்லை. அச்சில் வந்த பூட்டிஸ் விண்மீனின் கிரேக்க எழுத்தைத் தவறு என்று கொண்டு தீட்டா என்று படித்தால், அந்த விவரம் என்ஜிசி 5866க்கு அழகாகப் பொருந்துகிறது. ஆகவே மெஷேன் பார்த்தது உண்மையில் 5866தான், பிழை என்று அவர் சொன்னதே பிழை என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். வாதத்தில் வலு இல்லாமல் இல்லை. இருந்தாலும் பார்த்தவரே எழுத்தில் மறுத்த பிறகு, அவருக்காக நாம் பார்த்துக் கொடுப்பது சற்று அதிகம் என்பது என் கட்சி.

மெஸ்ஸியே பட்டியலை முழுதாக முடிக்க வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் இன்றும் 102க்கு நேரே 5866ஐத்தான் பார்த்து ‘சரி’ போட்டுக்கொள்கிறார்கள். அவர்களோடு நான் வாதாடுவதில்லை. எம் 101 பரந்து வெளிறிய சுருள். கொஞ்சம் வெளிச்சமான வானத்திலும் கரைந்துவிடும். 5866 சிறியது, விளிம்பு காட்டி நிற்பது, செறிவானது. என் மொட்டைமாடியிலிருந்து எனக்குத் தெரிவதும் இரண்டில் அதுதான்.